காய்ச்சாத தேன்: நெல்லைச் சீமையில் யாரிடம், என்ன கேட்டு வாங்குவது?

(காட்சி: மேசையில் இரண்டு கண்ணாடி பாட்டில்கள். ஒன்றில் தேன் தெளிவாக இருக்கிறது. மற்றொன்றில் அடிப்பாதி வெளிறிக் கட்டிப்பட்டிருக்கிறது.)

இந்த இரண்டில் எது கலப்படம்? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் கட்டிப்பட்ட பாட்டிலைத்தான் காட்டுவார்கள். "அடியில் சீனி உறைந்து நிற்கிறது பாருங்கள், பாகைக் காய்ச்சி ஊற்றி ஏமாற்றிவிட்டான்" என்பார்கள். பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பவர்களின் காதில் அடிக்கடி விழும் பழி இது. பெரும்பாலும் அநியாயமான பழி.

தேனில் முக்கியமாக இரண்டு சர்க்கரைகள் இருக்கின்றன: ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ். குளுக்கோஸ் தண்ணீரில் அவ்வளவு எளிதாகக் கரைந்து நிற்பதில்லை. தேனில் தண்ணீரோ மிகக் குறைவு. ஆகவே நாள் செல்லச் செல்ல குளுக்கோஸ் பிரிந்து, மணிமணியாகக் கட்டிக்கொள்கிறது. அதில் மிதக்கும் மகரந்தத் துகளும் மெழுகுத் துணுக்கும் அந்த மணிகள் பிடித்து வளர இடம் கொடுக்கின்றன. எந்தப் பூவின் தேனில் குளுக்கோஸ் அதிகமோ அது சீக்கிரம் உறையும். ரப்பர் தேன் அப்படிப்பட்டது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் விரைவாக உறையும். அந்தப் பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் பழையபடி இளகிவிடும். அடுப்பில் மட்டும் ஏற்றாதீர்கள்.

அப்படியானால் தெளிவாக இருக்கும் பாட்டில் கலப்படமா? அதுவும் அவசியமில்லை. பெரிய ஆலைகளில் தேனை அறுபது, எழுபது டிகிரி வரை சூடாக்கி, நுண்ணிய வடிகட்டியில் அழுத்தத்துடன் செலுத்துகிறார்கள். மணிகள் கரைந்துவிடும், புளிக்க வைக்கும் ஈஸ்ட் செத்துவிடும், மகரந்தமும் பெரும்பாலும் நீங்கிவிடும். பல மாதங்கள் கடையில் அழகாக நிற்க அது தேவை. ஆனால் அந்தச் சூட்டில் மணத்தின் ஒரு பங்கும் தேனீ சேர்த்த நொதிகளின் ஒரு பங்கும் போய்விடுகின்றன. இந்த இரண்டு வேலையும் நடக்காத தேனைத்தான் இந்த வீடியோவில் காய்ச்சாத தேன் என்று சொல்கிறேன்.

(காட்சி: மரத்தடியில் தேனீப் பெட்டி. அதன் கால்கள் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் நிற்கின்றன.)

பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம் பக்கம் பெட்டிகளில் வளர்வது பெரும்பாலும் இந்தியத் தேனீ. அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள். மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் இருட்டில் அடுக்கடுக்காக அடை கட்டும் இனம் என்பதால், பெட்டியின் இருட்டிலும் குடியிருக்கச் சம்மதிக்கிறது. கீழே புழு அறை. ராணி முட்டையிடுவதும் குஞ்சுகள் வளர்வதும் அங்கே. மேலே தேன் அறை. பூவிலிருந்து வரும் மதுரத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். வயல்வெளித் தேனீ அதைக் கொண்டுவந்து வீட்டுத் தேனீயிடம் கொடுக்க, அது வாய்க்கு வாய் மாறி நொதிகள் சேர்ந்து அடையின் சிற்றறைகளுக்குள் போகிறது. பிறகு தேனீக்கள் இரவெல்லாம் சிறகடித்து விசிறித் தண்ணீரை வற்றவைக்கின்றன. பெட்டியில் காதை வைத்தால் அந்த இரைச்சல் கேட்கும். தேன் பக்குவப்பட்டதும் ஒவ்வொரு சிற்றறையையும் மெழுகால் மூடிவிடுகின்றன.

அந்த மூடிதான் நான் இன்று வலியுறுத்த விரும்பும் விஷயம். மூடாத அடையிலிருந்து எடுத்த தேனில் தண்ணீர் அதிகம். காய்ச்சாததால் ஈஸ்டும் உயிரோடு இருக்கும். சில வாரங்களில் நுரைத்து, மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்து, புளித்துப்போகும். உணவுப் பாதுகாப்புத் தரவிதி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. காய்ச்சாத தேன் என்ற ஒரே காரணத்தால் எதுவும் நல்ல தேன் ஆகிவிடாது. அவசரக்காரர் எடுத்த காய்ச்சாத தேனைவிட ஒழுங்காகப் பதப்படுத்திய ஆலைத் தேன் மேல்.

(காட்சி: அடையைத் தாங்கும் மரச்சட்டத்தின் நெருக்கக் காட்சி. வெளிர்நிற மெழுகு மூடி மேல் கத்தி நகர்கிறது.)

பொறுமைக்காரர் எப்படி எடுக்கிறார் என்று பாருங்கள். காய்ந்த தேங்காய் மட்டையைப் புகைப்பானில் போட்டு இரண்டு ஊது ஊதுகிறார். தேனீக்கள் விலகுகின்றன. தேன் அறையிலிருந்து ஒரு சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார். மேலிருந்து கீழே முக்கால் பங்காவது மூடியிருந்தால்தான் எடுப்பார். இல்லையென்றால் திரும்ப உள்ளே வைத்துவிடுவார். வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால் மூடியைப் படலமாகச் சீவுகிறார். அந்த நொடியில் எழும் மணத்தை இந்தத் திரையில் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. மெழுகும் பூவும் லேசான புகையும் கலந்து வரும். சீவிய சட்டங்களை உருளைக்குள் நிறுத்திக் கைப்பிடியைச் சுழற்றினால் தேன் சிதறிப் பக்கச் சுவரில் வழிந்து குழாய் வழியே இறங்குகிறது. துணியில் ஒரு வடிகட்டு, அவ்வளவுதான். அடை உடையவில்லை. காலியான சட்டம் அப்படியே பெட்டிக்குத் திரும்புகிறது. மெழுகு சுரக்கத் தேனீக்கள் நிறையத் தேன் தின்ன வேண்டியிருப்பதால், அடையைத் திருப்பிக் கொடுப்பது அவற்றுக்குப் பெரிய உதவி.

இப்போது சுவை. ஆலைத் தேன் எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே சுவை. பல ஊர்த் தேனை ஒன்றாகக் கலந்து, அப்படி இருக்கும்படி செய்கிறார்கள். பெட்டித் தேன் அப்படி இருக்க முடியாது. இந்தியத் தேனீ கூட்டிலிருந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான் பெரும்பாலும் மேயும். ஆகவே ஒரு பெட்டியின் தேன் என்பது அந்த ஒன்றரை கிலோமீட்டரின் தேன். திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி வட்டாரச் செம்மண்ணில் முருங்கைத் தேன். கடையம், புளியங்குடி பக்கம் எலுமிச்சையும், மலையடிவாரத்தில் மாவும் நெல்லியும் கலந்த பல பூத் தேன். வேம்பு பூக்கும் பங்குனி, சித்திரையில் எடுத்ததில் தொண்டையில் ஒரு மெல்லிய கசப்பு நிற்கும். எனக்கு மிகப் பிடித்தது அதுதான். சீமைக்கருவேலை எல்லோரும் திட்டுகிறோம், ஆனால் வேறு பூ இல்லாத வறண்ட காலத்தில் பெட்டிகளைக் காப்பாற்றுவதில் அதற்கும் பங்கு உண்டு.

ரப்பர் தேன் தனிக் கதை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தை, மாசியில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, இளம் இலைக்காம்பின் நுனியில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து மதுரம் கசிகிறது. பூவே இல்லாமல் இலையிலிருந்து வரும் தேன். மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. நிலையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கி வைத்த பெட்டி வளர்ப்பு அங்கே குடும்பத் தொழிலாக வேர்விட்டதற்கு இந்த ரப்பர் மதுரம் ஒரு பெரிய காரணம். 1991, 92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவி, தென்னிந்தியாவில் இந்தியத் தேனீப் பெட்டிகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. புழுக்கள் பை போல வீங்கிச் செத்தன. பலர் தொழிலையே விட்டார்கள். மிஞ்சிய கூட்டங்களை வைத்துப் பெருக்கி இதை மீட்டவர்கள் சாதாரணக் குடும்பங்கள். அந்த உழைப்பை நினைக்காமல் என்னால் ஒரு தேன் பாட்டிலை எடுக்க முடிவதில்லை.

(காட்சி: தேன் சொட்டு தண்ணீர் டம்ளரில் விழுகிறது. திரையில் பெரிய கேள்விக்குறி.)

சுத்தத்தை வீட்டில் சோதிக்க முடியுமா? முடியாது. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் நிற்க வேண்டும் என்கிறார்கள். கெட்டியான சீனிப்பாகும் அப்படித்தான் நிற்கும். தீக்குச்சியைத் தோய்த்து உரசிப் பார்ப்பதும், செய்தித்தாளில் ஊறுகிறதா என்று பார்ப்பதும் ஈரப்பதத்தைக் காட்டலாம், கலப்படத்தைக் காட்டாது. நாய் நக்காது என்பதும் ஆதாரமில்லாத பேச்சு. எறும்பு வராது என்பவர்கள், சற்று முன் காட்டிய பெட்டியின் கால்களை நினைத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீர்க் கிண்ணங்கள் எறும்பைத் தடுக்கத்தான் வைக்கப்படுகின்றன.

ஆய்வகங்களே திணறியிருக்கின்றன. 2020 டிசம்பரில், டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் தேனைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. என்.எம்.ஆர். என்ற நுட்பமான சோதனையில் 10 பிராண்டுகள் தேறவில்லை. வழக்கமான சோதனைகளில் பிடிபடாதபடி தயாரிக்கப்பட்ட சர்க்கரைப் பாகுகள் சந்தையில் இருந்தன என்பதே அதில் வெளிவந்த பெரிய செய்தி. அந்த நிறுவனங்கள் அதை மறுத்தன. ஆனால் தெரிந்தவரிடம் வாங்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் வலுத்தது அப்போதுதான்.

தெரிந்தவர் என்றால்? நேரில் போய்க் கேளுங்கள்.

"அண்ணாச்சி, இது எந்தப் பூ? எந்த மாசம் எடுத்தது? பெட்டி எங்கே இருக்கிறது, பார்க்கலாமா?"

உண்மையாக வளர்ப்பவர் இதற்குத் தயங்கமாட்டார்; நிறுத்தச் சொல்லும்வரை பேசுவார். அதோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூ இல்லாதபோது தேனீக்கு என்ன கொடுப்பீர்கள்?" சர்க்கரைக் கரைசல் என்று அவர் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். பஞ்ச காலத்தில் கூட்டம் சாகாமல் இருக்க அதைக் கொடுக்கத்தான் வேண்டும். மழை விட்டுப் பூ வந்ததும் நிறுத்திவிடுகிறாரா, அந்தக் காலத்து அடையைத் தொடாமல் விடுகிறாரா என்பதுதான் முக்கியம். "சர்க்கரையா, கண்ணிலேயே காட்டமாட்டேன்" என்று சத்தியம் செய்பவரிடம்தான் நான் எச்சரிக்கையாக இருப்பேன்.

மலைத்தேன் வேறு. அது பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றைப் பெரிய அடை கட்டும் மலைத்தேனீயின் தேன். பெட்டிக்கு அடங்காத இனம். பொதிகை மலையில், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகப் பகுதியில் வாழும் காணி மக்களுக்கு அது தலைமுறைத் தொழில். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேனையும் மெழுகையும் சிறு வனப்பொருட்களில் சேர்த்து, சேகரிக்கும் உரிமையைக் காட்டில் வாழ்பவர்களுக்கு அளித்திருக்கிறது. அவர்கள் நேரடியாகக் கொண்டுவந்து விற்கும்போது பேரம் பேசாமல் வாங்குங்கள். உயிரைப் பணயம் வைத்து இறக்கியது.

குற்றாலத்தில் சாரல் சீசனில் வாளியில் அடையை மிதக்கவிட்டு விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் நேர்மையானவர்களும் உண்டு. ஆனால் அடை அசலானது என்பதால் அதைச் சுற்றியிருக்கும் திரவமும் அசலாகிவிடாது. நாற்கரச் சாலையோரம் வெயிலில் அடுக்கிவைத்த பாட்டிலும் அப்படித்தான்: நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நாட்கணக்கில் நின்ற தேனைக் காய்ச்சாத தேன் என்று சொல்வதில் பொருளில்லை.

உடல்நலத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. சேனை தொட்டு வைப்பது நம் வழக்கம்தான், இருந்தாலும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகும். காய்ச்சியதா, காய்ச்சாததா என்பது இதில் பொருட்டே அல்ல. சர்க்கரை நோயாளிக்குத் தேனும் சர்க்கரைதான். இருமலுக்குத் தொண்டையை இதமாக்கும், அது உண்மை. உள்ளூர்த் தேன் ஒவ்வாமையைப் போக்கும் என்று பரவும் பேச்சை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்: மூக்கில் ஏறித் தும்ம வைப்பது காற்றில் பறக்கும் மகரந்தம், தேனீ சுமந்து வருவது பெரும்பாலும் கனமான, ஒட்டும் மகரந்தம்.

உள்ளூர்த் தேனை நான் இவ்வளவு தூக்கிப் பேசுவதற்குக் காரணம் மருத்துவமே அல்ல. ஒரு பெட்டி ஆண்டுக்குத் தருவது சில கிலோ தேன். ஆனால் அது நிற்கும் தோட்டத்தில் முருங்கை காய்க்கிறது, பாகலும் பூசணியும் பிடிக்கின்றன, தென்னையில் குரும்பை நிற்கிறது. பக்கத்து வயலில் காலையில் பூச்சிமருந்து அடித்தால் மதியத்துக்குள் பெட்டி வாசலில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடக்கும். தேனீக்கள் கூடு திரும்பிய பின், மாலையில் அடித்தால் பெரும்பகுதி பிழைக்கும். உங்கள் வீட்டில் விவசாயம் இருந்தால் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள். மருந்து அடிக்கும் நாளைப் பெட்டிக்காரருக்கு முதல் நாளே சொல்லிவிட்டால், இரவோடு இரவாக வாசலை அடைத்து வண்டியில் ஏற்றி வேறு இடம் கொண்டுபோய்விடுவார்.

(காட்சி: சில்வர் டம்ளரில் தேன் ஊற்றப்படுகிறது.)

வாங்கியபின் கண்ணாடி பாட்டிலில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஈரக் கரண்டி வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. மாசியிலிருந்து வைகாசி வரை நம் பக்கம் நல்ல தேன் காலம். சொல்லிவைத்தால் பெட்டிக்காரர்களே சட்டம் மூடிய செய்தியைப் போனில் தெரிவிப்பார்கள். போகும்போது கழுவி நன்றாகக் காயவைத்த பாட்டிலை நீங்களே எடுத்துச் செல்லுங்கள்.