ஆளாக்கியது பிரிவே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 2001-இல் ஃபர்ஹான் அக்தர் முதன்முதலாக இயக்கிய 'தில் சாஹ்தா ஹை' என்ற இந்திப் படத்தில், கல்லூரி முடித்து வெளியே வரும் ஆகாஷ், சமீர், சித்தார்த் மூவரையும் ஆளாக்கியது நட்பா, பிரிவா என்பது கேள்வி. பிரிவுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியினர் கோவா பயணத்தை உருகி உருகிச் சொன்னார்கள். எனக்கும் பிடித்த பகுதிதான் அது. ஆனால் அங்கே யார் வளர்ந்தார்கள்? பார்த்த மாத்திரத்தில் காதலில் விழுகிறான் சமீர். அவனை ஓட்டித் தள்ளுகிறான் ஆகாஷ். சேர்ந்திருக்கும் வரை அவரவர் குணத்துக்கு அங்கே கைதட்டல்தான். யாரும் மாற வேண்டிய அவசியமே இல்லை. கடலில் போகும் கப்பலைப் பார்த்து, நாமும் ஒருநாள் திசைக்கொருவராகப் போய்விடலாம் என்று யோசிப்பவன் சித்தார்த் ஒருவன்தான்.

அப்புறம் கன்னத்தில் விழுந்த அந்த அறை. தாரா சித்தார்த்தைவிட வயதில் மூத்தவர், விவாகரத்தானவர், குடிப்பழக்கத்தில் சிக்கியவர். அவரை நேசிப்பதாக நண்பர்களிடம் மனம் திறக்கிறான். ஆகாஷ் அதையும் கொச்சையான கேலியாக்குகிறான். சித்தார்த்தின் கை பளாரென்று விழுகிறது அவன் கன்னத்தில்! ஆகாஷின் வாய்க்கு முதன்முதலாக ஒருவன் கணக்குக் கேட்ட இடம் அது, நடுவர் அவர்களே.

பிறகு சிட்னி. அப்பாவின் தொழிலைப் பார்க்கப் போன ஆகாஷ், ஷாலினி என்ற பெண்ணை நேசிப்பதை அங்கேதான் உணர்கிறான்; அதைச் சொல்வதற்குள் அவள் கிளம்பிப் போய்விடுகிறாள். அப்பாவுக்குப் போன் போட்டு, பேச்சு வராமல் அழுகிறானே, அவன் படம் முழுக்க அடித்த அரட்டையைவிட அந்த அழுகை எனக்குப் பெரிது. பக்கத்தில் சமீர் இருந்திருந்தால் ஏதாவது கிண்டலடித்து அதைக் கடந்துபோயிருப்பான்.

சமீர் என்றதும் இன்னொன்று. மூவரில் மிகக் குறைவாக மாறியவன் யார்? ஊரை விட்டு நகராத சமீர்தான். பாசக்காரப் பிள்ளை, மறுக்கவில்லை. ஆனால் அவனைப் புரட்டிப்போடும் தனிமை எதையும் படம் அவனுக்குத் தரவில்லை.

"மறுபடி சேர்ந்தார்களே" என்று கேட்டார் எதிரணித் தலைவர். சேர்ந்தார்கள், சரி. எப்போது? தாரா உயிருக்குப் போராடும் மருத்துவமனைக்கு ஆகாஷ் தேடி வந்த பிறகு. கோவாவில் ஆடிப்பாடிய ஆகாஷா அந்த வாசலை மிதித்திருப்பான்? சிட்னியில் தனியாக அழுதவன்தான் வந்தான். தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.