ஃபமிலியா: உறவின் பெயரா, உடைமையின் பெயரா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "ஆங்கில ஃபேமிலியைப் பெற்ற தாய்தான் லத்தீன் ஃபமிலியா, தாய்க்கும் மகளுக்கும் பொருள் வேறாகுமா?" என்று கேட்டு அமர்ந்தார் எதிரணித் தலைவர். ஆகும் ஐயா. அந்தத் தாயைப் பெற்றவர் யார் தெரியுமா? ஃபமுலுஸ். பொருள்: வேலையாள், அடிமை. ரத்த உறவு அந்த வேரிலேயே இல்லை.

கி.மு. 450 வாக்கில் எழுந்த, ரோமின் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரு பலகைச் சட்டத்துக்கு வாருங்கள். வாரிசும் உயிலும் இல்லாமல் ஒருவன் இறந்தால், "அட்க்நாட்டுஸ் ப்ரோக்ஸிமுஸ் ஃபமிலியம் ஹபேட்டோ", அதாவது தந்தைவழியில் மிக நெருங்கிய பங்காளி ஃபமிலியாவை எடுத்துக்கொள்ளட்டும் என்கிறது அது. இங்கே குடும்பம் என்று மொழிபெயர்த்தால் வாக்கியமே உளறலாகிவிடும். சொத்து என்று வையுங்கள், கச்சிதமாகப் பொருந்தும்.

உயில் எழுதும் பழைய முறையைப் பாருங்கள். வயதுவந்த ரோமானியக் குடிமக்கள் ஐந்து பேர் சாட்சி. வெண்கலத் தராசு பிடிக்க இன்னொருவர். 'ஃபமிலியாவை வாங்குபவர்' என்ற பெயரோடு ஒருவர் வந்து, வெண்கலத் துண்டால் தராசைத் தட்டி, அதையே விலைபோல் கொடுப்பார். மனைவி மக்களையா வாங்கினார்? கி.பி. 2ஆம் நூற்றாண்டு ரோமானியச் சட்ட அறிஞர் காயுஸ், 'ஃபமிலியா, அதாவது சொத்து' என்று பக்கத்திலேயே பொருள் எழுதி வைத்திருக்கிறார்!

ஆள்களைக் குறிக்கும்போதும் பெரும்பாலும் அடிமைக் கூட்டம்தான். ரோம் நகரின் நீர்வழிகளைப் பொறுப்பேற்று நடத்திய ஃப்ரொன்டினுஸ் கணக்கே தருகிறார்: அரசு ஃபமிலியாவில் சுமார் 240 பேர், பேரரசரின் ஃபமிலியாவில் 460 பேர். தொட்டி காப்பவர், சுற்றிப் பார்ப்பவர், கல் பாவுபவர், பூச்சு வேலைக்காரர். 700 பேரும் அண்ணன் தம்பிகளா, நடுவர் அவர்களே?

"ஸ்கிப்பியோ ஃபமிலியா என்கிறார்களே, அது வம்சமல்லவா?" என்றார் எதிரணித் தோழி. உண்மை, மறுக்கவில்லை. கோர்னேலியுஸ் என்ற ரோமானியப் பெருங்குலத்தின் கிளை அது. ஆனால் அந்தப் பொருளில் வரும்போது 'உயர்ந்த', 'பழமையான' போன்ற அடையோ, பிறந்தான் என்ற வினையோ, குலப்பெயரோ பெரும்பாலும் கூட இருக்கும். வாங்கு, பிரி, பெறு என்ற வினைகள் வந்தால் சொத்து. 'பண்ணை', 'வாள்வீரர்' என்ற அடை வந்தால் அடிமைக் குழு. அருகிலுள்ள சொல்லைப் பாராமல் அகராதியின் முதல் பொருளை ஒட்டுவதால்தான் மொழிபெயர்ப்புகள் சறுக்குகின்றன. மனைவி மக்களோடு கூடிய வீட்டைச் சொல்ல ரோமானியருக்கு 'டோமுஸ்' என்ற சொல் கைவசம் இருந்தது.

இனி இன்னொரு ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியான் எழுதியது. வீட்டில் ஆட்சி உரிமை உள்ளவனே பாட்டெர் ஃபமிலியாஸ், அதாவது ஃபமிலியாவின் தந்தை. மகனே இல்லாவிட்டாலும் அந்தப் பெயர் சரியே என்கிறார். தந்தையை இழந்த சிறுவனுக்கும் அது பொருந்துமாம்! பிள்ளை பெறாதவன் குடும்பத் தந்தை ஆகிறான். அப்படியானால் பெற்றவள்? கணவனின் அதிகாரத்துக்குள் போகாமல் மணந்தவள் சட்டப்படி தன் பிள்ளைகளின் ஃபமிலியாவிலேயே இல்லை. தந்தையும் இறந்து தன்னுரிமை பெற்ற பெண்ணைப் பற்றி அதே உல்பியான் சொல்வதைக் கேளுங்கள்: அவள் தன் ஃபமிலியாவின் தலையும் அவளே, முடிவும் அவளே. பத்துப் பிள்ளை பெற்றிருந்தாலும், ஒருவர்கூட அதில் சேரமாட்டார்.