மார்க் தாளில் ‘கழுத்து’ என்று எழுதியிருந்தது

நடுவர் அவர்களே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே, வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு முன்னால் பேசியவர் அதைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஜனநாயகத்துக்குப் போய்விட்டார். “உள்ளூர்ப் பாட்டுப் போட்டியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் தேர்ந்த பாடகர்களும் குரல் ஆசிரியர்களுமா, கேட்க வந்த மக்களா?” நான் பாடகர்கள், ஆசிரியர்கள் பக்கம்.

பாட்டு மக்களுக்குத்தானே, அப்புறம் மார்க்கும் மக்கள்தானே போட வேண்டும் என்று அவர் கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். சரி, கைதட்டை வைத்துத்தான் தீர்ப்பு என்றால் அவர் சொன்ன மாமியார் ஜோக்குக்கே இந்தப் பட்டிமன்றம் முடிந்துபோயிருக்க வேண்டும், நடுவரும் வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பாட்டுப் போட்டியில் மார்க் கூட்டிப் போடும் வேலை எனக்கு. மேடைப் பாடகர்கள் இரண்டு பேர், குரல் பயிற்சி கொடுக்கும் ஆசிரியை ஒருவர், மூன்று பேரும் நடுவர்கள். நான் ஆசிரியைக்கு இடப்பக்கம், அவர் எழுதுவது எனக்குத் தெரியும்படி உட்கார்ந்திருந்தேன். பதினேழு வயதிருக்கும் ஒரு பெண் வந்தாள், கரோக்கி டிராக் ஓடியது, இரண்டாவது சரணத்தில் மேல்ஸ்தாயிக்கு ஏறி, கையை மேலே தூக்கி, மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அங்கேயே நின்றாள் பாருங்கள், அரங்கம் அதிர்ந்தது, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே நானும் தட்டினேன். ஆசிரியை தட்டவில்லை. தாளில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: “கழுத்து.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இடைவேளையில் கேட்டேன். அவர் சொன்னார்: “மேலே போகப் போக மோவாய் தூக்கிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது, அதாவது மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிட்டது. நீங்கள் பவர் என்று கைதட்டியது தொண்டையின் இறுக்கம். அந்த உச்சிக்கு முன்னால் ஒரு வார்த்தையை நடுவில் வெட்டி மூச்சு எடுத்தாளே, கவனித்தீர்களா? அசல் பாட்டின் ஸ்கேலிலேயே டிராக்கை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு கட்டை இறக்கியிருந்தால் அழகாகப் பாடியிருப்பாள்.” நான் கவனிக்கவில்லை. அங்கே இருந்த யாருமே கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்து ஒரு பையன். பாடுபவர் பக்கம் திருப்பி வைக்கும் ஸ்பீக்கர், அந்த மானிட்டர் வேலை செய்யவில்லை, டிராக் அவன் காதுக்கே சரியாகப் போகவில்லை, முதல் வார்த்தையே சுருதிக்குக் கீழே விழுந்தது. மூன்றாவது வார்த்தைக்குள் சத்தமில்லாமல் வந்து சேர்ந்துகொண்டான், முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது, அப்புறம் பாட்டு முடிகிற வரை நகரவேயில்லை. மூன்று நடுவர்களும் அந்த இடத்தில் டிக் போட்டிருந்தது எனக்குக் கூட்டும்போதுதான் தெரிந்தது, அந்த நேரம் கூட்டம் போனை நோண்டிக்கொண்டிருந்தது. முதல் பரிசு அவனுக்கு. பெரிய சலசலப்பு, “செட்டிங்” என்று பின்வரிசையில் ஒரு குரல்.

இப்போது எதிரணி என்ன சொல்லும் என்று தெரியும். அந்த நுணுக்கமெல்லாம் காதில் விழாவிட்டால் விழாமலே போகட்டுமே, பாட்டு நன்றாக இருந்ததா இல்லையா? நண்பரே, விழுகிறது. ஒரு சுரத்துக்கும் அடுத்த அரைச்சுரத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை 100 சென்ட் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், அதில் கால் பங்கு, அதாவது 25 சென்ட் இறங்கினாலே “என்னவோ சரியில்லை” என்று பலருக்கும் உறுத்தும். ஆனால் அந்த ‘என்னவோ’வுக்கு மேல் நம்மால் சொல்ல முடியாது. குரல் நாண் இரண்டு சென்டிமீட்டருக்கு முன்னே பின்னே இருக்கும் ஒரு சின்ன சமாச்சாரம், 440 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் பிடித்தால் நொடிக்கு 440 தடவை அது சேர்ந்து பிரிகிறது. அது களைத்துப்போனதா, காற்று பிசிறுகிறதா, அதிர்வு வேண்டுமென்றே கொடுத்ததா அல்லது கட்டுப்பாடு போய் ஆடுகிறதா என்பதைக் கேட்டே கண்டுபிடிப்பவர்கள் தினம் பத்துப் பேர் தொண்டையோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான்.

1841-இல் ஜென்னி லிண்ட் என்ற ஸ்வீடன் நாட்டுப் பாடகி பாரிஸுக்குப் போனார். வயது இருபதுதான், அதற்குள் ஊரில் பெரிய பெயர், கூட்டம் கொண்டாடிய குரல். மானுவேல் கார்சியா என்ற குரல் ஆசிரியரிடம் பாடிக் காட்டினார். அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? பாடாதே, குரலுக்கு ஓய்வு கொடு. ஓய்வுக்கு அப்புறம்தான் பாடமே ஆரம்பித்தது. அத்தனை அரங்கம் தட்டிய கைதட்டில் ஒரு கை கூட அந்தப் பெண்ணிடம் உன் தொண்டை நாசமாகிறது என்று சொல்லவில்லை. இதே கார்சியாதான் 1854-இல் பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு, சூரிய வெளிச்சத்தைத் திருப்பி, பாடும்போது தன் குரல் நாண் அசைவதைத் தானே பார்த்தவர். டாக்டர்கள் தொண்டைக்குள் பார்க்க வழி காட்டியவர் ஒரு பாட்டு வாத்தியார், இதையும் எதிரணி குறித்துக்கொள்ளட்டும்.

சரி, எதிரணியின் நல்ல அடிக்கு வருகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல அடி. 2013-இல் சியா-ஜங் சே என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு. இசைப் போட்டிகளின் பதிவைச் சத்தமில்லாமல் வீடியோவாக மட்டும் பார்த்தவர்கள், ஒலியை மட்டும் கேட்டவர்களைவிடச் சரியாக வெற்றியாளரைச் சொன்னார்கள், இசைக்கலைஞர்களும் அப்படித்தான். உங்கள் நிபுணர்களே கண்ணால்தானே கேட்கிறார்கள் என்று எதிரணி கேட்டது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்க் போடப் பழகியவர்களையே கண் இப்படி ஏமாற்றுகிறது என்றால், பளபளக்கும் உடையையும் புகைமூட்டத்தையும் பார்த்துவிட்டு ஓட்டுப் போடும் எங்களை எவ்வளவு ஏமாற்றும்? நடுவர் மேசைக்கு முன்னால் ஒரு திரை போட்டால் அவர்கள் காதால் மட்டும் மார்க் போட்டுவிடுவார்கள். நானூறு பேருக்கு முன்னால் திரை போட்டால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

(அந்த ‘கழுத்து’ திரைக்குப் பின்னால் தெரிந்திருக்காதே என்று எதிரணியில் ஒருவர் அங்கே முணுமுணுக்கிறார். தெரிந்திருக்காது, ஆனால் வெட்டுப்பட்ட வார்த்தை கேட்டிருக்கும். அதற்கும் ஆசிரியை மார்க் குறைத்திருந்தார்.)

ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டி தொலைபேசி ஓட்டை நம்பிப் பல வருடம் நடந்தது, 1998-இல் இருந்து பெரும்பாலான நாடுகளில் அதுதான் தீர்ப்பு. 2009 இறுதிச் சுற்றில் நிபுணர் குழுவைத் திரும்பக் கூப்பிட்டு, பாதி மதிப்பெண்ணை அவர்கள் கையில் கொடுத்தார்கள். கண்டம் முழுக்க ஓட்டுப் போட்டும் அவர்களுக்குப் போதவில்லை. நம்முடைய உள்ளூர்ப் போட்டியில் ஓட்டு என்பது யார் வீட்டில் அத்தை பெரியப்பா அதிகம் என்ற கணக்கெடுப்பு, அவ்வளவுதான்.

நடுவர்களில் ஓரவஞ்சனை இல்லையா? உண்டு. தன் மாணவி பாடும்போது எந்த ஆசிரியரும் மார்க் போடக் கூடாது, பேனாவை மூடி வைத்துவிட வேண்டும், இதைச் செய்யாத போட்டிகள் இருக்கின்றன, அவற்றுக்காக நான் வாதாடப் போவதில்லை. முதலில் பாடுபவருக்குக் குறைவாகவும் கடைசியில் பாடுபவருக்குத் தாராளமாகவும் போடும் பழக்கமும் உண்டு. பெல்ஜியத்தில் நடக்கும் எலிசபெத் மகாராணி இசைப்போட்டியின் முடிவுகளை அலசி 1996-இல் வந்த ஆய்வே, பின்னால் வந்தவர்களுக்கு நல்ல இடம் கிடைக்கிறது என்று காட்டியது. இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நடுவர்கள் உட்கார்ந்து போட்ட வரிசை கையில் இருந்ததால். 1980-இல் வார்சா ஷோபான் பியானோ போட்டியில் இவோ போகோரெலிச் என்ற போட்டியாளரை இறுதிச் சுற்றுக்கு விடவில்லை என்று மார்த்தா ஆர்கெரிச் என்ற பியானோ கலைஞர் நடுவர் பதவியையே உதறிவிட்டுப் போனார். நிபுணர்களுக்குள்ளேயே சண்டை என்று சிரிக்காதீர்கள். தன் பெயரைச் சொல்லி, எல்லாருக்கும் முன்னால் கோபித்துக்கொண்டு எழுந்து போக ஒரு ஆள் இருந்தார். கூட்டம் தப்பாக ஓட்டுப் போட்டால் யார் எழுந்து போவார்?

அந்தப் பெண்ணின் கதை பாதியில் நிற்கிறது. பரிசு கொடுத்து முடித்து, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது நேராக மேசைக்கு வந்தாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “எல்லாரும் கைதட்டினாங்க மேடம், நீங்க மட்டும் ஏன் குறைச்சீங்க?” ஆசிரியை மார்க் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அப்புறம் மைக் இல்லாமல், டிராக் இல்லாமல், ஒரு கட்டை கீழே சுருதி கொடுத்து அதே வரியைப் பாடச் சொன்னார். முதல் தடவை பழக்க தோஷம், தோள் தூக்கியது. “தோளை விடு” என்றார். இரண்டாம் தடவை மூச்சு சரியாக வந்தது, வார்த்தையை மறந்துவிட்டாள். மூன்றாவது தடவை உச்சிக்கு ஏறினாள், வார்த்தை வெட்டுப்படவில்லை, மோவாய் இருந்த இடத்திலேயே இருந்தது, அவளே நடுவில் நிறுத்திவிட்டு “இது நானா மேடம்?” என்றாள்.

மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்ந்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. அன்றைக்கு நாற்காலி மடக்கியவர்கள் கைதட்டினார்கள், அதில் நானும் தட்டினேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.