லோயர் கந்தோர் என்றால் கடையா?

கிளாக்கர்மாருக்கு வணக்கம். முன்வரிசையில் சட்டத்தரணிகளும் இருக்கிறீர்கள், நல்லது, கோபிக்காமல் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் லோயர் கந்தோரைக் காலையில் திறப்பது கிளாக்கர்தான். பைல்களை எடுத்துவைத்து, வந்தவர்களை இருத்தி, பின்னேரம் காணி உறுதி ரைப் பண்ணி, அதன் இரண்டாம் பிரதியை மறுமாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்தில் சேர்க்க ஓடுவதும் அவர்தான். திகதி தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் உறுதியை முடித்த நொத்தாரிசு, ஏச்சு வாங்குகிறவர் கிளாக்கர். இப்படி வருசக்கணக்கில் உழைத்தவரிடம் ஊழியர் சேமலாப நிதி (EPF) கட்டுகிறார்களா என்று கேட்டால், "இதென்ன கடையோ தம்பி" என்று அவரே சொல்கிறார்.

லோயர் கந்தோர் கடையில்லை என்று இந்தியாவில் தீர்ப்பே இருக்கிறது என்பார்கள். இருக்கிறதுதான். 1984இல் சசிதரன் வழக்கில், கேரளத்தின் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்துக்குள் லோயர் கந்தோர் வராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. லோயர் செய்வது வியாபாரமில்லை, அவரிடம் வருகிறவர் வாடிக்கையாளருமில்லை என்பது அதன் நியாயம் (பீஸ் கட்டியவர்கள் சிரிப்பார்கள், அதை விடுங்கள்). அதற்கு முன் 1978இல், பெங்களூர் குடிநீர் வழக்கில், தொழிற்பிணக்குச் சட்டத்தில் 'தொழில்' (industry) என்ற சொல்லின் பொருளை அவ்வளவு அகட்டிய நீதிபதி கிருஷ்ணய்யர்கூட, சின்ன உதவியாளர் ஒருவரோடு இருக்கும் தனி லோயரை வெளியேதான் விட்டார்.

சரி, அதெல்லாம் அங்கத்தைய சட்டங்களின் வாசகத்தை வைத்து வந்தவை. எங்கள் 1950ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம், தொழிலாளி யார் என்று சொல்லும்போது முதலாளி கடை வைத்திருக்கிறாரா என்று பார்ப்பதே இல்லை. எந்த வேலையாக இருந்தாலும் ஓர் ஒப்பந்தத்தின் கீழ் செய்தால் போதும், அந்த ஒப்பந்தம் வாய்ப்பேச்சாகவும் இருக்கலாம். "நாளையிலிருந்து வா" என்று சொன்னதும் ஒப்பந்தம்தான். வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். சேமலாப நிதிக்கு ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் கட்டத்தான் வேண்டும்: உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) அவரே இன்னும் 3 வீதம். பணிக்கொடைச் சட்டம் மட்டும் 15 பேர் வேண்டும் என்கிறது. அவ்வளவு பேர் உள்ள லோயர் கந்தோரை இங்கே நான் கண்டதில்லை. அவ்வளவு பேர் இல்லாவிட்டாலும் பணிக்கொடையை நியாய சபையில் கேட்க வழியுண்டு.

சம்பளம் கடித உறையில் வருகிறதென்றால் திகதியையும் தொகையையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். "இவர் எங்களிடம் வேலையே செய்யவில்லை" என்றுதான் முதலில் சொல்லப் பார்ப்பார்கள். அந்தக் கந்தோரில் முடித்த உறுதிகளில் சாட்சியாக நீங்கள் வைத்த கையெழுத்துகள் காணிப் பதிவகத்தில் கிடக்கின்றன, அவற்றின் பிரதிகளை எடுத்துக்கொண்டு போங்கள்.