17 சேக்கல் நிலம்

அன்பு நேயர்களே, வணக்கம்.

கிறிஸ்தவ வீடுகளின் சுவரில் அடிக்கடி பார்க்கிற வசனம் ஒன்று உண்டு. எரேமியா 29-ம் அதிகாரம், 11-ம் வசனம். ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று கர்த்தர் சொல்லுகிற இடம். வேலை போனவருக்கும், துணையை இழந்தவருக்கும் இதைத்தான் எழுதிக் கொடுக்கிறோம். எனக்கும் ஒருவர் எழுதிக் கொடுத்தார். நான் நடத்திவந்த சிறு தொழில் கடனில் மூழ்கிய சமயம் அது. வாசித்தேன், மடித்து வேதாகமத்துக்குள் வைத்தேன், அப்புறம் காத்திருந்தேன். அடுத்த மாதம் சரியாகிவிடும், அதற்கு அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று.

பல மாதம் கழித்துத்தான் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். அப்போது 10-ம் வசனம் கண்ணில் பட்டது. பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பின்பு உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறார். 70 வருஷம்! சுவரில் மாட்டும்போது இந்த வரியை மட்டும் கத்தரித்துவிடுகிறோம், பாருங்கள்.

அது ஒரு கடிதம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துப் போன மக்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதி அனுப்பியது. அந்தக் காலத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி, 2 வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான். பாபிலோனுக்குப் பணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தைக் கழற்றி உடைத்தும் காட்டினான். கூட்டத்தில் நான் இருந்திருந்தால் அனனியா பக்கம்தான் நின்றிருப்பேன். எரேமியாவே முதலில் ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்றார். அவருக்கும் ஆசை இருக்காதா? ஆனால் நடக்கப்போவது அதுவல்ல என்று அவருக்குத் தெரிந்தது.

சரி, 70 வருஷம் என்று கேட்டவர்கள் என்ன செய்வார்கள்? அதற்கும் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள். உங்களைக் கொண்டுபோன அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். அதாவது, மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்காராதீர்கள், காலுக்குக் கீழே இருக்கிற மண்ணைக் கொத்துங்கள் என்கிறார். நான் அத்தனை மாதமும் மூட்டையோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஒரு நோட்டை எடுத்துக் கடன்காரர்களின் பெயரை வரிசையாக எழுதினேன். அதுவரை அதைக் கூட்டிப் பார்க்கவே தைரியம் வந்ததில்லை. அதே வாரம் இன்னொருவரிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். முதலாளியாக இருந்தவனுக்கு அது கசக்கத்தான் செய்தது. கடன் தீர 9 வருஷம் ஆனது. அந்த வடு இன்னும் இருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில்கூட ஆணிக்காயம் மறைந்துவிடவில்லையே. சந்தேகப்பட்ட சீஷன் தோமாவுக்கு அதைத்தானே காட்டினார்.

எரேமியா ஊருக்குச் சொன்னதைத் தானும் செய்தாரா? 32-ம் அதிகாரத்தைப் பாருங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. எரேமியா காவலில் கிடக்கிறார். அந்த நேரம் பார்த்து அப்பாவின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, நம் ஊர் ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். நாளைக்கு யார் கைக்குப் போகும் என்று தெரியாத நிலம்! எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம் என்று வைத்தால், 200 கிராமுக்கும் குறைவு. தொகை சிறிதுதான். ஆனாலும் சாட்சி, முத்திரை எல்லாம் முறைப்படி நடக்கிறது. பத்திரம் நெடுநாள் கெடாமலிருக்க, அதை மண்பாண்டத்தில் வைக்கும்படி தம் எழுத்தர் பாருக்கிடம் சொல்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. பணம் கொடுத்து, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு ஜெபிக்கிறார். உம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்று தொடங்குகிறவர், முடிக்கும்போது, நகரமே எதிரி கைக்குப் போகிறது, இந்த நேரத்திலா நிலம் வாங்கச் சொன்னீர் என்கிறார். கலங்கினார், ஆனால் பத்திரத்தைத் திரும்பக் கேட்கவில்லை. விசுவாசி கலங்கவே கூடாது என்று உங்களிடம் யாராவது சொன்னால், இந்த ஜெபத்தை வாசித்துக் காட்டுங்கள்.

அந்த நிலத்தில் எரேமியா விதைத்ததாகவோ அறுத்ததாகவோ வேதத்தில் இல்லை. நகரம் விழுந்தது. பிறகு அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள்.

எஸ்றா 2-ம் அதிகாரத்தில் ஒரு நீண்ட பட்டியல் வருகிறது. சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் கணக்கு. வெறும் பெயரும் எண்ணுமாக இருக்கும். நானெல்லாம் வேகமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். இப்போது 23-ம் வசனத்தில் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். அங்கே எழுதியிருக்கிறது: ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.