வின்ட்ஹூக் முதல் விக்டோரியா அருவி வரை: 12 ராத்திரி தரைவழி சஃபாரி

(காட்சி: இரவு. மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் ஒரு நீர்க்குட்டை. முன்னால் தாழ்வான கல் சுவர், பெஞ்சுகள்.)

ராத்திரி 9 மணி. இருட்டிலிருந்து சத்தமே இல்லாம ஒரு உருவம் வெளிச்சத்துக்குள்ள வருது. கருப்பு காண்டாமிருகம். பின்னாலயே ஒரு குட்டி. இதைப் பார்க்க ஜீப் வேண்டாம், கைடு வேண்டாம். ரூம்ல இருந்து செருப்பை மாட்டிக்கிட்டு நடந்து வந்து உட்கார்ந்தா போதும். நமீபியாவில, எடோஷா தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கிற ஒக்காக்குயோ முகாம் இது.

ஆப்பிரிக்காவோட தெற்குப் பக்கம் தரைவழியா சஃபாரி போறவங்க பண்ற பெரிய தப்பு, மேப்பை விரிச்சு வச்சு இடங்களை அடுக்கறது. 10 நாள்ல 5 நாடுன்னு திட்டம் போட்டா, பகல் பூரா ஜன்னல் வழியா பண்ணை வேலியைத்தான் பார்த்துக்கிட்டுப் போவீங்க. காட்டுல ஓடறவனுக்குக் கிடைக்கறதைவிட உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கிடைக்கறது அதிகம். இன்னைக்குப் பார்க்கப்போற வழியும் அந்தக் கணக்குல போட்டதுதான்.

(காட்சி: வரைபடம். வின்ட்ஹூக், எடோஷா, ருண்டு, டிவுண்டு, கசானே, விக்டோரியா அருவி.)

நமீபியா தலைநகர் வின்ட்ஹூக்ல 1 ராத்திரி, எடோஷாவில 3, ருண்டுவில 1, டிவுண்டு பக்கத்துல ஒகவாங்கோ ஆத்தங்கரையில 2, போட்ஸ்வானாவில கசானேயில 3, ஜிம்பாப்வே பக்கம் விக்டோரியா அருவியில 2. சுத்தறதெல்லாம் சேர்த்து சுமார் 2,000 கிலோமீட்டர்.

ஏன் எடோஷா, கசானேன்னு இந்த ஜோடி? எடோஷா வறண்ட நிலம். யானை, சிங்கம், காண்டாமிருகம், சிவிங்கி எல்லாம் உண்டு. ஆனா எருமை, நீர்யானை, முதலை மூணும் கிடையாது. கசானேயை ஒட்டின சோபே தேசியப் பூங்கா ஆத்து நிலம். அந்த மூணும் அங்கே கூட்டம் கூட்டமா இருக்கும், காண்டாமிருகம்தான் கண்ணுல படாது. ஒண்ணுல விட்டது இன்னொண்ணுல கிடைச்சுடும்.

மாசம் தேர்ந்தெடுக்கறதுலதான் சிக்கல். மே முதல் அக்டோபர் வரை மழை இல்லை. காட்டுக்குள்ள இருக்கிற சின்னக் குட்டைகள் வத்த வத்த, விலங்குகள் நிரந்தரத் தண்ணியைத் தேடி வரும். அதனால எடோஷாவுக்கு செப்டம்பர், அக்டோபர் உச்சம். ஆனா அதே மாசங்கள்ல விக்டோரியா அருவி இளைச்சுப் போயிருக்கும். ஏப்ரல், மே மாசம் போனா அருவியில தண்ணி ஏராளம், சாரல் புகை மாதிரி எழும்பி அருவியையே மறைச்சுடும். எடோஷாவிலயோ புல் உயரமா நிக்கும், விலங்குகள் சிதறிக் கிடக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஜூலை, ஆகஸ்ட் நல்ல சமரசம். ஒரே தொந்தரவு, ஜூன், ஜூலையில விடியற்காலைக் குளிர். திறந்த ஜீப்ல காத்து முகத்துல அடிக்கும்போது ஊட்டிக் குளிரெல்லாம் தூசு. குல்லா, கையுறை, தடிச்ச ஜாக்கெட் மூணும் எடுத்துக்குங்க.

அடுத்து, எதுல போறது? ரெண்டு வழி. ஒண்ணு ஓவர்லேண்ட் டிரக்: லாரி சேசிஸ் மேல பாடி கட்டி, 20 பேருக்கு மேல உட்கார்ற வண்டி. கூடாரத்துல தங்கறது, லாட்ஜ்ல தங்கறதுன்னு ரெண்டு வகைப் பயணம் விப்பாங்க, புக் பண்ணும்போது எதுன்னு பாருங்க. டிரக்கோட பெரிய லாபம் உயரம். கார்ல உட்கார்ந்தா மொப்பனே புதர்தான் தெரியும். டிரக்ல புதருக்கு மேல கண் போகும். நஷ்டம் என்னன்னா, சிங்கம் எழுந்திருக்குமான்னு நீங்க ஒரு மணி நேரம் காத்திருக்க நினைச்சாலும், பின் சீட்ல இருக்கிறவர் பாத்ரூம் போகணும்பார். பெட்டி சக்கரம் வச்சதா இருக்கக்கூடாது, டிரக் லாக்கர்ல நுழையாது. துணிப் பைதான் சரி.

இன்னொண்ணு வாடகை 4x4. இந்தப் பயணத்துல அறையிலதான் தங்கறோம், அதனால கூரைக் கூடாரம் வச்ச வண்டிக்குக் காசு கொடுக்காதீங்க. ரெண்டு வரிசை சீட் இருக்கிற டபுள் கேப் ஹைலக்ஸ் பிக்கப் தாராளம். அங்கேயும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டறது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பர்மிட் வாங்கிக்குங்க, ஒரு வருஷம் செல்லும்.

(காட்சி: நெருக்கமாக, வண்டியின் அடிப்பாகம். தொங்கும் ஸ்டெப்னி.)

வண்டியைக் கையில வாங்கும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்க. கீறல் போட்டோ எல்லாரும் எடுப்பாங்க. நீங்க ஸ்டெப்னியைக் கீழே இறக்கிப் பாருங்க. ஹைலக்ஸ்ல அது பாடிக்கு அடியில சங்கிலியில தொங்கும்; நீளமான கம்பியை ஓட்டையில விட்டுச் சுத்தினாத்தான் இறங்கும். அந்தக் கம்பி இருக்கான்னு பாருங்க, ஓட்டை தூசியில அடைச்சிருக்கான்னு பாருங்க, ஸ்டெப்னியிலயும் காத்து அளந்து பாருங்க. ஜாக்கி, வீல் ஸ்பானர், காத்து அடிக்கிற கம்ப்ரெசர், பிரஷர் கேஜ் நாலும் இருக்கணும். மணல்ல ஜாக்கி இறங்கிடும். அடியில வைக்க ஒரு பலகை கேட்டு வாங்குங்க.

காத்துக் கணக்கு இதுதான். தார் ரோட்டுல 2.2 பார், நம்ம ஊர்க் கணக்குல 32 பாயின்ட். சரளை ரோட்டுல 1.8 பார், அதாவது 26. கெட்டி மணல்னா 1.4 வரை இறக்கலாம். காத்தைக் குறைச்சா டயர் கல்லைச் சுத்தி வளைஞ்சு கொடுக்கும், குத்தாது. ஆனா குறைச்ச காத்தோட திரும்பத் தார் ரோட்டுக்கு வந்து 110ல போனா, டயரோட பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழியும். அதனால தார் ரோடு ஏறின உடனே கம்ப்ரெசரை எடுங்க, அடுத்த பங்க் வரட்டும்னு விடாதீங்க.

நமீபியாவில சட்டப்படி தார் ரோட்டுல 120, சரளையில 100. வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் சரளைக்கு 80ன்னு போடும், அந்த 80தான் உங்களுக்கு உண்மையான எல்லை. சரளை ரோடு தகரக் கூரை மாதிரி அலை அலையா இருக்கும். மேல மேல துள்ளிப் போகும்போது டயருக்குப் பிடி கிடையாது; வளைவுல திடீர்னு பிரேக் போட்டா வண்டி புரளும். வேற வண்டி எதுவும் மோதாம தானா புரண்டா பல இன்ஷூரன்ஸ் பணம் தராது. ஒப்பந்தத்துல அந்த வரியைத் தேடிப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

இருட்டினப்புறம் ஓட்டவே ஓட்டாதீங்க. கூடுங்கற (kudu) பெரிய மான் வகையில ஆண் 200 கிலோவுக்கு மேல. வேலியைத் தாண்டிக் குதிச்சா நேரா கண்ணாடியில வந்து விழும்.

(காட்சி: வெள்ளைச் சரளை ரோடு, தூரத்தில் வெளுத்த உப்பு நிலம்.)

வின்ட்ஹூக்லிருந்து ஒட்ஜிவரோங்கோ, அவுட்ஜோ வழியா ஒக்காக்குயோ சுமார் 435 கிலோமீட்டர். முழுக்கத் தார், 5 மணி நேரம். காலை 7 மணிக்குக் கிளம்பினா மதியமே முதல் குட்டையில நிக்கலாம்.

எடோஷாவோட நடுவுல சுமார் 4,800 சதுர கிலோமீட்டருக்கு ஒரு உப்புச் சமவெளி. அதோட தெற்கு விளிம்புல, சுண்ணாம்புக் கல்லுக்குள்ள ஊறி வர்ற நிலத்தடித் தண்ணி களிமண்ணைத் தொட்டதும் அதைத் தாண்டிப் போக வழியில்லாம வெளியே கசியுது. குட்டைகள் பல வரிசையா அந்த விளிம்பை ஒட்டியே இருக்கறதுக்குக் காரணம் இதுதான். ரோடும் அதே விளிம்புல போகுது. மேற்குல ஒக்காக்குயோ, 70 கிலோமீட்டர் தள்ளி ஹலாலி, இன்னொரு 70ல ஜெர்மன்காரங்க கட்டின கோட்டையோட நமுத்தோனி. 2 ராத்திரி ஒக்காக்குயோவில, 1 ராத்திரி ஹலாலியிலயோ நமுத்தோனியிலயோ தங்குங்க.

பூங்காவுக்குள்ள தங்கறதா, கேட்டுக்கு வெளிய தனியார் லாட்ஜா? சாப்பாடு, படுக்கை, உபசாரம் எல்லாம் வெளிய நல்லா இருக்கும். ஆனா கேட் சூரிய உதயத்துக்குத்தான் திறக்கும், மறையும்போது மூடிடும். வெளிய தங்கினா விடியற்காலையில கேட்ல வரிசை, பதிவு. அதைவிட, ராத்திரிக் குட்டை உங்களுக்கு இல்லை. ஒக்காக்குயோவில சூப் ஆறிப்போய் வந்தாலும் பரவாயில்ல, உள்ளேயே தங்குங்க. குட்டையைப் பார்த்த அறைதான் வேணும்னு அதிக வாடகை தரத் தேவையில்லை, பெஞ்ச் எல்லாருக்கும் பொது. 8 மணியிலிருந்து 11 வரை உட்காருங்க. டார்ச்சை குட்டைப் பக்கம் அடிக்காதீங்க, கிசுகிசுன்னுகூடப் பேசாதீங்க; காண்டாமிருகத்துக்குப் பார்வை மட்டு, காது கூர்மை.

ஹலாலி குட்டைக்குப் பேர் மொரிங்கா. நம்ம முருங்கையோட ஒண்ணு விட்ட சொந்தக்கார மரம் அந்தப் பக்கம் வளருது, அதனால அந்தப் பேர். மொரிங்காங்கற அறிவியல் பேரே தமிழ் முருங்கையிலிருந்து போனதுதான். சாம்பார்ல மிதக்கறது அங்கே குட்டைக்குப் பேரா நிக்குது.

பகல்ல ஒரே நாள்ல 12 குட்டை பார்க்கணும்னு ஓடாதீங்க. ரெண்டு போதும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நிறுத்தி, இன்ஜினை அணைச்சிடுங்க. ஓடற இன்ஜின்ல லென்ஸ் நடுங்கும். கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல அரிசிப் பை மாதிரி ஒரு பீன் பேக் வச்சா 400 மி.மீ. லென்ஸ் அசையாம நிக்கும். வரிக்குதிரைக் கூட்டம் தண்ணிக்கு 20 அடி முன்னாலயே நின்னு, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தா, நீங்களும் அந்தப் பக்கமே பாருங்க. புல்லுக்குள்ள பெண் சிங்கம் படுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

முகாமையும் வேலி போட்ட கழிப்பறையையும் தவிர எங்கேயும் இறங்கக்கூடாது. டயர் போச்சுன்னா? அப்படியே உட்கார்ந்திருங்க, அடுத்த வண்டி வரட்டும். அவங்க நாலு பக்கமும் பார்த்துக்கிட்டு நிக்கும்போதுதான் மாத்தணும். வண்டி தரையில இருக்கும்போதே 6 நட்டையும் அரைச் சுத்து தளர்த்திட்டு, அப்புறம் ஜாக்கி. மாத்தினதும் எதிர் எதிர் நட்டா முடுக்குங்க. 50 கிலோமீட்டர் போனதும் இன்னொரு தடவை முடுக்கணும். அதை மறந்துதான் சக்கரம் கழண்டு போகுது.

(காட்சி: ரோட்டின் குறுக்கே ஒரு சோதனைச் சாவடி, இருபுறமும் நீண்ட வேலி.)

நமுத்தோனியிலிருந்து ட்சுமேப், க்ரூட்ஃபொன்டைன் வழியா ருண்டு 400 கிலோமீட்டருக்கு மேல. நடுவுல முருராணி சாவடி. கோமாரி நோய் தெற்குப் பண்ணைகளுக்குப் பரவாம தடுக்கற வேலி இது. வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுபோக விடமாட்டாங்க. வேலிக்குத் தெற்கே ஆளே இல்லாத பெரிய பண்ணைகள். தாண்டின உடனே குடிசை, ரோட்டோரச் சந்தை, பள்ளிக்கூடப் பிள்ளைங்க, ரோட்டுல மாடு. வேகத்தைக் குறைக்க வேண்டிய இடமும் இதுதான்.

ருண்டு வெறும் தூங்கற ஊர். டேங்க்கை நிரப்பிக்கிட்டு மறுநாள் 200 கிலோமீட்டர்ல டிவுண்டு. பக்கத்துல போப்பா அருவின்னு போர்டு இருக்கும், அருவியை எதிர்பார்க்காதீங்க, பாறைமேல ஓடற ஆறு. மஹாங்கோ பகுதிதான் விஷயம்: ரோன், சேபிள் மான்கள், ஒகவாங்கோ ஆத்துல நீர்யானை. இங்க லாட்ஜுக்கு வேலி இருக்காது. ராத்திரி நீர்யானை புல்வெளிக்கு மேய வரும். அறைக்குப் போக காவலாளைக் கூப்பிடுங்க, வெக்கப்படாதீங்க.

அடுத்த நாள்தான் நீளம்: ப்வப்வாட்டா பூங்கா நடுவுல கோங்கோலா, கட்டிமா முலிலோ, ங்கோமா பாலம், கசானே, 400க்கு மேல, கூடவே ஒரு பார்டர். ங்கோமா சாவடி சாயங்காலம் மூடிடும், 3 மணிக்குள்ள அங்க இருக்கிற மாதிரி கிளம்புங்க. வாடகைக் கம்பெனி கொடுத்த எல்லை தாண்டும் அனுமதிக் கடிதம் மூலப்பிரதியா இருக்கணும். அதில வண்டி நம்பர் ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் திருப்பி அனுப்புவாங்க. போட்ஸ்வானா பக்கம் செருப்பை மருந்து நனைச்ச விரிப்புல மிதிக்கச் சொல்வாங்க, பையில இருக்கிற ஷூவையும் கேட்பாங்க. பச்சை இறைச்சியும் பால் பொருளும் போயிடும்.

(காட்சி: ஆற்றில் நீந்தும் யானைகள், தும்பிக்கை மட்டும் மேலே.)

சோபேயில ஆத்தங்கரை ரோடு ஆழ்மணல். உங்க வண்டியை லாட்ஜ்ல நிறுத்திட்டு, விடியற்காலையில அவங்க திறந்த ஜீப்ல போங்க. சாயங்காலம் படகு, 3 மணி நேரம். சின்னப் படகா கேளுங்க. மாடி வச்ச பெரிய படகு கரைக்கிட்ட ஒதுங்காது. 2022ல 5 நாடுகள் சேர்ந்து எடுத்த வான்வழிக் கணக்கெடுப்புல காசாங்கற (KAZA) அவங்க கூட்டுப் பாதுகாப்புப் பரப்புல சுமார் 2,28,000 யானை. அதில போட்ஸ்வானாவில மட்டும் 1,30,000க்கு மேல. மதியம் வெயில் ஏறினதும் குடும்பம் குடும்பமா தண்ணிக்கு இறங்கும். நடுவுல இருக்கிற செடுடு தீவுக்காக நமீபியாவும் போட்ஸ்வானாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999ல போட்ஸ்வானா ஜெயிச்சுது. யானைக்கு அந்தத் தீர்ப்பெல்லாம் தெரியாது, ரெண்டு பக்கமும் நீந்திப் போய் வரும்.

ஜீப்ல இருக்கும்போது தாய்க்கும் குட்டிக்கும் நடுவுல வண்டி போகக்கூடாது. காதை விரிச்சுத் தலையை ஆட்டினா எச்சரிக்கை. மெதுவா பின்னால எடுக்கணும்.

கசானேயிலிருந்து விக்டோரியா அருவி 80 கிலோமீட்டர்தான். ஆனா வாடகை வண்டியை ஜிம்பாப்வேக்குள்ள கொண்டுபோனா தற்காலிக இறக்குமதி அனுமதி, இன்ஷூரன்ஸ், கார்பன் வரி, சாலைக் கட்டணம்னு தனித்தனிக் கவுன்ட்டர். வண்டியைக் கசானேயிலயே ஒப்படைச்சிட்டு ஷட்டில்ல போறது புத்திசாலித்தனம். வண்டியை வேற ஊர்ல விடறதுக்கான ஒருவழிக் கட்டணத்தை முன்பே எழுத்துல வாங்கி வைங்க. ஜிம்பாப்வேயில அமெரிக்க டாலர், 1, 5, 10 தாள்களா. சில்லறை திரும்பி வராது.

அருவி 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம். வறண்ட மாசத்துல ஜாம்பியா பக்கம் வெறும் பாறையா நிக்கும், ஜிம்பாப்வே பக்கம் தண்ணி எப்பவும் இருக்கும். அதனாலதான் தங்கல் இந்தப் பக்கம்.

மருந்து, பேப்பர். ருண்டுவிலிருந்து அருவி வரை மலேரியா பகுதி, எடோஷாவிலயும் மழைக்காலத்துல உண்டு. அட்டோவாகுவோன்-புரோகுவானில் மாத்திரைன்னா 1, 2 நாள் முன்னாடி ஆரம்பிச்சு, வெளியே வந்து 7 நாள் வரைக்கும். டாக்ஸிசைக்ளின்னா வந்தப்புறம் 4 வாரம். எதுன்னு டாக்டர் சொல்லட்டும். விமான டிக்கெட் நைரோபி, அடிஸ் அபாபா வழியா இருந்தா காத்திருக்கிற நேரத்தைப் பாருங்க: 12 மணி நேரம் தாண்டினா மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பாங்க. அந்த நாடுகள்ல வெளிய தங்கிட்டு சான்றிதழ் இல்லாம இந்தியா திரும்பினா 6 நாள் தனிமைப்படுத்தலாம். ஊசி சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க, போட்டு 10 நாள் கழிச்சுத்தான் செல்லும். குழந்தைங்களுக்குப் பெற்றோர் பேர் போட்ட பிறப்புச் சான்றிதழ் கையில இருக்கணும்.

அப்புறம் பிளக். நமீபியாவில சுவர்ல இருக்கறது பெரிய மூணு உருண்டை முனை சாக்கெட். கடையில அடாப்டர் தேடி அலையாதீங்க. நம்ம வீட்டுல ஏசி, கீஸருக்குச் சொருகற அதே 16 ஆம்பியர் பிளக்தான். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல அந்தப் பிளக்கை மாட்டி எடுத்துட்டுப் போனா கேமரா, போன் எல்லாத்துக்கும் ஆச்சு. ஜிம்பாப்வேக்கு மட்டும் செவ்வக முனை அடாப்டர் ஒண்ணு தனியா போட்டுக்குங்க.