முயல் சிக்கியது! பென்னன்ட் மெலாங்கெல், இரண்டாவது சுற்று

வணக்கம் மக்களே! தேவாலய மரச் செதுக்கலில் இருக்கிற முயல் கேமராவில் சிக்கிவிட்டது. காது உட்படத் தெளிவாகச் சிக்கிவிட்டது. படத்தைத் திரையில் போடுகிறேன், பாருங்கள்.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், எனக்குக் கோட்டை என்றாலே ஆகாது. வேல்ஸ் என்றால் எல்லோரும் கோட்டையைத்தான் காட்டுகிறார்கள். எனக்குப் பென்னன்ட் மெலாங்கெல் மாதிரி இடம்தான் வேண்டும். பவிஸ் பகுதியில், பெர்வின் மலையடிவாரத்தில், டானட் பள்ளத்தாக்கின் மேல் கோடி. ஒரு தேவாலயம், சில வீடுகள், ஊரே அவ்வளவுதான்.

லான்கனோக் கிராமத்திலிருந்து அங்கே போகும் பாதையில் ஒரு கார்தான் போகலாம். பாதி வழியில் எதிரே டிராக்டர், அதன் பின்னால் ஆடு ஏற்றும் டிரெய்லர். டிரெய்லரோடு அவர் எப்படிப் பின்னால் போவார்? நான்தான் ரிவர்ஸ் எடுத்தேன். இரண்டு பக்கமும் வேலிச்செடி, கண்ணாடியில் உரசுகிறது, வளைவு வேறு. ஒதுங்கும் இடம் வரைக்கும் ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்துவிட்டேன்! அவர் ஒரு விரலைத் தூக்கி நன்றி சொன்னார். அந்தப் பக்கத்து மரியாதை அது, எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, முயல். பவிஸ் இளவரசன் ப்ரோக்வெல் வேட்டைக்கு வருகிறான். நாய்கள் துரத்திய முயல் ஓடிப்போய், தனியாகத் தவமிருந்த மெலாங்கெல் என்ற பெண்ணின் ஆடைக்குள் ஒளிந்துகொள்கிறது. நாய்கள் கிட்டே வர அஞ்சி ஓடுகின்றன. இளவரசன் மனம் இளகி அந்தப் பள்ளத்தாக்கையே அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். 604-ஆம் ஆண்டு நடந்தது என்பது மரபு. இன்றும் முயல்களுக்கு அவள்தான் காவல். ஓடும் முயலைப் பார்த்து "கடவுளும் மெலாங்கெலும் உன்னோடு இருக்கட்டும்" என்று கத்தினால் அது தப்பிவிடும் என்று அந்த ஊரில் நம்பினார்கள்.

இந்தக் கதையை, தேவாலயத்துக்குள் மக்கள் இருக்கும் பகுதியையும் பலிபீடப் பகுதியையும் பிரிக்கிற 15-ஆம் நூற்றாண்டு ஓக் மரத்தடுப்பின் மேல்விளிம்பில் செதுக்கியிருக்கிறார்கள். உயரம், இருட்டு, உருவங்களோ சின்னஞ்சிறியவை. அதற்காகவே லென்ஸ் வாடகைக்கு எடுத்தேன். 34 பவுண்டு, அதுபோக காப்பீடு என்று 8 பவுண்டு! மூடியைக்கூடத் தனியாகக் கணக்கில் எழுதுகிறார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பாருங்கள்: குதிரைமேல் இளவரசன், மெலாங்கெல், முயல். அப்புறம் அந்த வேட்டைக்காரன்! ஊதுகொம்பு உதட்டோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை, அவன் இழுத்துக்கொண்டிருக்கிறான். 42 பவுண்டும் அவனுக்கே போகட்டும்.

மற்ற வீடியோக்கள் இத்தோடு முடித்துவிடுகின்றன. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே நிற்கிற மெலாங்கெலின் சமாதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! 12-ஆம் நூற்றாண்டுக் கல்வேலை, தூண்களும் வளைவுகளும் மேலே கூரை மாதிரி முக்கோணமும். 16-ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அதை உடைத்துப் போட்டார்கள். ஆனால் துண்டுகள் எங்கும் போகவில்லை. தேவாலயச் சுவரிலும் வெளிவாசல் மண்டபத்திலும் சாதாரணக் கட்டுக்கல்லாக நூற்றாண்டுக் கணக்கில் இருந்தன. அவற்றைப் பெயர்த்தெடுத்து 1958-இல் ஒன்று சேர்த்தார்கள். கட்டடமே இடிபடும் நிலைக்கு வந்து, 1980-களின் கடைசியில்தான் பெரிய சீரமைப்பு. அப்போது தோண்டிப் பார்த்து, கிழக்குக் கோடியில் இருந்த அரைவட்ட அறையைப் பழைய அடித்தளத்தின் மேலேயே திரும்பக் கட்டினார்கள். சமாதியையும் பிரித்து மறுபடி நிறுத்தினார்கள். இதைச் செய்தவர்களைக் கும்பிடலாம்.

அட, திமிங்கில எலும்பைச் சொல்லவில்லையே! நடு மலைக்குள் இருக்கிற தேவாலயத்தில் ஒரு திமிங்கில விலா எலும்பு. ஊரில் அதை அரக்கியின் விலா என்பார்கள். இரண்டு 14-ஆம் நூற்றாண்டுக் கற்சிலைகளும் உண்டு. ஒன்று மெலாங்கெல், மற்றது வேல்ஸ் இளவரசன் மகா லுவெலினின் தந்தை யோர்வெர்த் என்கிறது ஊர் வழக்கு. முகம் தேய்ந்துவிட்டது, நான் அதிகம் நிற்கவில்லை.

வெளியே வட்ட மதிலுக்குள் யூ (yew) என்ற பசுமை மாறாத மரங்கள், 2000 வயது இருக்கும் என்கிறார்கள். அடிமரத்தை முழுசாக ஒரே ஷாட்டில் எடுக்கவே முடியவில்லை.

அடுத்த வீடியோ பக்கத்திலேயே, லான்ரையடர். 1588-இல் வெளிவந்த வெல்ஷ் பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் மோர்கன் பாதிரியாராக இருந்த ஊர். அங்கே ரோடு கொஞ்சம் அகலம்.